'லிட்டர்': வியாழனுக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

அன்பர்களே,
கறிக்கோழி வளர்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். கொட்டகைத் தரையில் தேங்காய் நார்த்தூள், உமி, மரத்தூள் பரப்பி அதன்மேல் குஞ்சு விடுகிறார்களே, அந்தப் பரப்பை எல்லோரும் 'லிட்டர்' என்கிறார்கள். என் வரைவில், "2 லிட்டர் சிந்தினால் அங்குள்ள லிட்டரை அள்ளவும்" என்று விழுந்திருக்கிறது! வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது.
— மொழிபெயர்ப்பாளர்

பாடநூல்களில் 'ஆழ்கூளம்' இருக்கிறதே. அதையே போடுங்கள்.
— கோவை

ஆழ்கூளம் வினைத்தொகை. ஆழ்ந்த, ஆழ்கின்ற, ஆழும் கூளம். ஐயா, கூளம் எதில் ஆழ்கிறது? தவிர, கூலம் என்றால் தானியம். கூலவாணிகன் சாத்தனார் நினைவிருக்கும். லகரம் ளகரமானதும் தானியம் சருகாகிப்போனதா? இதைத் தனியே ஆராய வேண்டும்.
— தஞ்சை

ஆழ்கடலும் எதிலும் ஆழவில்லை ஐயா.
— கோவை

நான் பண்ணை வைத்திருப்பவன். முட்டைக்கோழிக்குக் கூளத்தை மாதக்கணக்கில் மேலே மேலே சேர்த்து வளர்த்தார்கள். அதற்கு 'ஆழ்' பொருந்தும். கறிக்கோழி 40 நாள் சங்கதி. இரண்டு அங்குலம் பரப்புகிறோம், பேட்ச் முடிந்ததும் வாரிவிடுகிறோம். இதில் எங்கே ஆழம்? எங்கள் வீட்டில் "தூளைக் கிளறியாச்சா?" என்றுதான் கேட்போம். ஒரு பிடி அள்ளி அழுத்தினால் உருண்டையாகவே நிற்கிறதா, ஈரம் அதிகம். உதிர்ந்தால் சரி. கிளறாமல் விட்டால் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே இறுகிப்போகும், அம்மோனியா கண்ணைக் கரிக்கும், குஞ்சின் பாதத்தில் புண் வரும். அப்படி இறுகியதை 'கேக்' என்கிறார்கள். அதற்கும் ஒரு சொல் கொடுங்கள்.
— பல்லடம்

கேக்குக்கு 'அடை'. தேனடை போல.
— சென்னை

கோழிக் கையேட்டில் 'அடை' என்றால் அடைகாக்கும் கோழிதானே நினைவுக்கு வரும், அம்மா?
— கோவை

'குப்பை கூளம்' என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். அதன்மேல் குஞ்சை விடச் சொன்னால் யார் விடுவார்கள்? 'படுகை' நல்ல சொல்.
— மதுரை

படுகை எங்கள் ஊரில் ஆற்றோரம்.
— தஞ்சை

சரி, கோவை சொன்னதில் 'ஆழ்' இல்லாமல் 'கூளம்' என்றே வைக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் 'லிட்டர் எனப்படும் கூளம்'. கேக், 'இறுகிய கூளம்' என்றே போகட்டும்.
— மொழிபெயர்ப்பாளர்

போகட்டும். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். கூலம், கூளம் பற்றி நீண்ட மடல் நாளை.
— தஞ்சை