மானிய விலை போனில் நீக்க முடியாத செயலி: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான லைஃப்லைன் திட்டத்தின் கீழ், எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக வசிக்கும் மூதாட்டிக்குக் கிடைத்த ஆண்ட்ராய்டு போன் குறித்து உங்கள் ஆலோசனை வேண்டும்.

அவர் எதையும் தரவிறக்காமலேயே புதிய செயலிகள் வந்து சேர்கின்றன. போனைத் திறந்தவுடன் விளம்பரம் திரை முழுவதையும் மறைக்கிறது. ஃபேக்டரி ரீசெட் செய்து வைஃபையில் இணைத்த சிறிது நேரத்திலேயே அதே செயலிகள் திரும்பிவிட்டன. ரீசெட் பயனரின் தரவை மட்டுமே அழிக்கும், சிஸ்டம் பகுதியைத் தொடாது என்பதால், கோளாறு போனுடனேயே வந்தது என்று கருதுகிறேன்.

இதே திட்டத்தில் 35 டாலருக்குக் கிடைத்த யூஎம்எக்ஸ் யூ686சிஎல் போனில், போனின் மென்பொருளைப் புதுப்பிக்கும் 'வயர்லெஸ் அப்டேட்' செயலி அனுமதி கேட்காமல் பிற செயலிகளை நிறுவியதையும், செட்டிங்ஸ் செயலிக்குள்ளேயே தீநிரல் (மால்வேர்) இருந்ததையும் 2020 ஜனவரியில் மால்வேர்பைட்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. செட்டிங்ஸை நீக்கினால் போனே பயன்படாது என்பதுதான் அதில் மிகக் கொடுமையானது.

எந்தச் செயலி மற்றவற்றை நிறுவுகிறது என்று ஏடிபி (கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) மூலம் உறுதிசெய்வது எப்படி? அப்டேட் செயலியை முடக்கினால் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடுமே, அதற்கு மாற்று உண்டா? வங்கியின் ஓடிபியும் மருத்துவமனை அழைப்பும் இந்த எண்ணுக்குத்தான் வருகின்றன. வேறு போன் வாங்க அவருக்கு வசதியில்லை. ஆகவே சேவை நிறுவனத்திடம் மாற்றுப் போன் கேட்டுப் பெற்றவர்கள் இருந்தால், எப்படி முறையிட்டீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.