இஃப் வாக்கியம் பேசறப்ப டேபிள் ஞாபகம் வர மாட்டேங்குது, எப்படிங்க ப்ராக்டிஸ் பண்றது?

நூல்கண்டு:
வணக்கங்க. திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சன்டைசரா இருக்கேன். வெளிநாட்டு பையருக்கு மெயில் போடறதும் கால்ல பேசறதும்தான் வேலையே. அதுல பாதி இஃப் வச்சுதான் ஓடுது, லேப் டிப் (கலர் சரியான்னு பாக்க சாயம் போட்டு அனுப்பற சின்ன துணி சாம்பிள்) அப்ரூவ் பண்ணா டையிங் போட்ருவோம், க்வான்டிட்டி ஏத்துனா ரேட் குறைப்போம், துணி டைமுக்கு வந்திருந்தா ஷிப்மென்ட் போயிருக்கும், இப்படியே. ஸ்கூல்ல இஃப் வாக்கியத்தை டைப் ஒன்னு, ரெண்டு, மூணுன்னு மனப்பாடம் பண்ண டேபிள் இன்னமும் அப்படியே இருக்கு, ஆனா அது வாய்க்கு வர்றதுக்குள்ள பையர் அடுத்த விஷயத்துக்குப் போயிடறார். முக்கியமா ஃபர்ஸ்ட் எப்ப செகண்ட் எப்பன்னு புரியல. 'இஃப் யூ இன்க்ரீஸ்', 'இஃப் யூ இன்க்ரீஸ்டு' ரெண்டுக்கும் தமிழ்ல 'ஏத்துனா' தானே? நாளைக்கு நடக்கப்போறதுக்கு எதுக்கு பாஸ்ட் டென்ஸ்? டேபிள் இல்லாம பழக வழி இருந்தா சொல்லுங்க.

பாடவேளை:
வணக்கம்மா. நான் ரொம்ப வருஷம் ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுத்தவன். ஒன்னு, ரெண்டு, மூணுங்கற வரிசையை விட்டுட்டு, முடிஞ்சு போனதுக்கு வர்ற மூணுல இருந்து ஆரம்பிங்க, நமக்கு அதுதான் சுலபம். 'வந்திருந்தா போயிருக்கும்'னு நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க, ரெண்டு பக்கமும் 'இரு' வருது. இங்கிலீஷ்லயும் ரெண்டு பக்கமும் ஹேவ் குடும்பம்தான், இந்தப் பக்கம் ஹேட், அந்தப் பக்கம் வுட் ஹேவ். 'இஃப் த ஃபேப்ரிக் ஹேட் அரைவ்ட் ஆன் டைம், வீ வுட் ஹேவ் ஷிப்ட் த ஆர்டர்.' இஃப் இருக்கற பக்கத்துல மட்டும் வுட் ஹேவ் போட்டுடாதீங்க, பேச்சுல சில பேர் அப்படிச் சொல்லுவாங்க, மெயில்ல வேண்டாம்.

அடுத்து உங்க பாஸ்ட் டென்ஸ் கேள்வி. இத எந்தப் புள்ளை கேட்டாலும் எனக்கு சந்தோஷம், ஏன்னா பதில் நம்ம வாய்லயே இருக்கு. வந்தான் - வந்தா, படிச்சான் - படிச்சா, குடுத்தான் - குடுத்தா. நாமளும் இறந்தகாலத்து அடியிலதான் 'ஆல்' சேர்க்கறோம், ஆனா 'நாளைக்கு வந்தா'ன்னு சொன்னா யாரும் நேத்து வந்ததா நினைக்கறதில்ல. அங்க அது காலத்தைச் சொல்லல, இன்னும் நடக்காத விஷயம்னு சொல்லுது. தமிழ்ல எல்லாத்துக்கும் அந்த ஒரே உருவம் போதும், இங்கிலீஷ்காரங்க அத ரெண்டா பிரிக்கறாங்க, நடக்க வாய்ப்பு இருக்குன்னு எடுத்துக்கிட்டா ப்ரசன்ட் கூட வில், அது ஃபர்ஸ்ட், சும்மா நினைச்சுப் பாக்கறோம்னா பாஸ்ட் கூட வுட், அது செகண்ட். அதனால வாயத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி கேட்டுக்கோங்க, இது நடக்கக்கூடியதா, வெறும் நினைப்பா, முடிஞ்சு போனதா? டேபிள் வேண்டவே வேண்டாம்.

எப்பவும் நடக்கற விஷயத்துக்கு, அதாவது தண்ணிய 100 டிகிரிக்கு சூடு பண்ணா கொதிக்கும்ங்கற மாதிரி, ரெண்டு பக்கமும் சாதா ப்ரசன்ட் போதும். நாம 'கொதிக்கும்'னு சொல்றதால அங்க வில் போடத் தோணும், போட்டாலும் பெரிய தப்பில்ல.

அண்ணாநகர்வாசி:
சார் சொன்னதோட ஒன்னு சேர்த்துக்கறேன், நான் சென்னைல பையிங் ஆபீஸ்ல, அதாவது பையருக்காக இங்க ஆர்டர் போட்டு வாங்கித் தர்ற ஆபீஸ்ல இருக்கேன், தினமும் ரெண்டு பக்க மெயிலும் பாக்கறேன். உங்க வேலைக்கு ஃபர்ஸ்ட், செகண்ட் வித்தியாசம் வெறும் கிராமர் இல்லீங்க, அது காசு. 'இஃப் யூ இன்க்ரீஸ் த ஆர்டர் டு 10,000 பீசஸ், வீ வில் ரெட்யூஸ் த ப்ரைஸ்'னு எழுதுனா அது வாக்கு குடுத்த மாதிரி, அவங்க ஏத்திட்டா நீங்க குறைச்சே ஆகணும். 'இஃப் யூ இன்க்ரீஸ்டு த ஆர்டர், வீ குட் ரெட்யூஸ் த ப்ரைஸ்'னு எழுதுனா பேசிப் பாக்கலாம்னு அர்த்தம், பின்னாடி வர இடம் இருக்கு. ரேட் இன்னும் முடிவாகலைன்னா ரெண்டாவது, எம்டி ஓகே சொன்னப்புறம் முதல்.

அப்புறம் கால்ல ஒரு சிக்கல் இருக்கு, ஹேட், வுட் ரெண்டையும் அவங்க சுருக்கித்தான் பேசுவாங்க. 'இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் கால்ட் யூ'ன்னு காதுல விழும், முதல் 'ஐட்' ஐ ஹேட், ரெண்டாவது ஐ வுட். இது கொஞ்ச நாள் கேட்டாதான் பிடிபடும். அன்லெஸ் போட்டா அதோட டோன்ட் சேர்த்துப் போடாதீங்க, 'இல்லைன்னா' அதுக்குள்ளயே இருக்கு.

லெக்ஸ்பின்:
அக்கா, நான் பழகுனது கிரிக்கெட் வச்சு. 2019 வேர்ல்ட் கப் செமி ஃபைனல், மான்செஸ்டர், நியூசிலாந்துகிட்ட 18 ரன்ல தோத்தோமே, அந்த மேட்ச்ல அவங்க ஃபீல்டர் கப்டில் எறிஞ்ச த்ரோ நேரா ஸ்டம்ப்ல பட்டு தோனி ரன் அவுட். நானும் ஃப்ரெண்டும் மாத்தி மாத்தி சங்கிலி மாதிரி சொல்லிட்டே போவோம், 'இஃப் கப்டில் ஹேட் மிஸ்ட், தோனி வுட் ஹேவ் ஸ்டேட் இன்', அவன் உடனே 'இஃப் தோனி ஹேட் ஸ்டேட் இன், வீ வுட் ஹேவ் வொன்', நான் 'இஃப் வீ ஹேட் வொன், வீ வுட் ஹேவ் ப்ளேட் த ஃபைனல்'. முந்தின ஆளோட ரெண்டாவது பாதிய எடுத்து இஃப் பக்கம் போடணும், அவ்ளோதான் ரூல், வுட் ஹேவ் தானா ஹேட் ஆயிடும். மனசுல ஆதங்கம் இருக்கற விஷயமா எடுத்தா வாக்கியம் நிக்கவே நிக்காது. நீங்க லேட் ஷிப்மென்ட் ஒன்ன எடுத்து பக்கத்து சீட் ஆளோட இதே மாதிரி பண்ணிப் பாருங்க.

கமென்டரி கேட்டு மட்டும் கத்துக்காதீங்க, விட்ட கேட்சுக்கு 'இஃப் ஹீ டேக்ஸ் தட், இட்ஸ் ஆல் ஓவர்'னு ப்ரசன்ட்லயே சொல்லுவாங்க, அது கமென்டரிக்காரங்க பேச்சு வழக்கு.

நூல்கண்டு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, அந்த வந்தான் - வந்தா விஷயம் பாத்ததும் பளிச்சுன்னு புரிஞ்சுது. இன்னிக்கு மெயிலுக்கு எழுதி வச்சது மூணு, பாத்து சொல்லுங்க.
'இஃப் யூ வில் அப்ரூவ் த லேப் டிப் பை ஃப்ரைடே, வீ வில் ஸ்டார்ட் டையிங் ஆன் மன்டே.'
'இஃப் வீ ஹேட் ஒன் மோர் வீக், வீ குட் டூ த பிரின்ட் ஆல்சோ.'
'இஃப் த ட்ரிம்ஸ் ஹேட் கம் இன் டைம், வீ வுட் ஹேவ் ஃபினிஷ்ட் பேக்கிங்.' (ட்ரிம்ஸ்னா பட்டன், ஜிப், லேபிள் மாதிரி.)

பாடவேளை:
ரெண்டும் மூணும் அருமை, அப்படியே அனுப்புங்கம்மா. ரெண்டாவதுல வர்ற ஹேட் தனி வினை, 'நம்மகிட்ட இருந்தா'ங்கறது, மூணாவதுல இருக்கறது துணை வினை, அத நீங்க சரியா பிரிச்சிருக்கீங்க. முதல்ல மட்டும் இஃப் பக்கத்து வில்ல எடுத்துட்டு 'இஃப் யூ அப்ரூவ்'னு போடுங்க. பணிவா கேக்கணும்னா 'இஃப் யூ வுட் கைண்ட்லி அப்ரூவ்'னு எழுதலாம், அங்க வுட் வர்றது கண்டிஷனுக்கு இல்ல, வேண்டுகோளுக்கு.