சென்சாரைக் கழற்றும் முன் அதன் காலில் வோல்ட்டைப் பாருங்கள்: மலைப்பக்கத்து அனுபவங்கள்

குன்னூர், தேயிலைத் தொழிற்சாலை:
இலை வாட்டும் இடத்தில் கடைசி ட்ரஃபில் (இலை பரப்பும் தொட்டியில்) உள்ள எல்எம்35 வெப்பநிலை சென்சார் மட்டும் தாறுமாறாகக் காட்டினால், உடனே புதுசு வாங்க வேண்டாம். பேனலில் 5 வோல்ட் இருப்பதை நம்பாமல் சென்சாரின் காலிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு 100 மீட்டருக்கு சுமார் 3.5 ஓம், போகவர 7 ஓம். அதே ஜோடியில் 100 மில்லிஆம்பியர் இழுக்கும் ரிலே போர்டையும் மாட்டியிருந்தால் 0.7 வோல்ட் வழியிலேயே தின்றுபோகும். அதில் பாதி நெகட்டிவ் கம்பியில் விழுவதுதான் விஷமம். சென்சாரின் கிரவுண்ட் 350 மில்லிவோல்ட் மேலே ஏறி நிற்கும். எல்எம்35 தருவது டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் என்றால், 35 டிகிரி கூடுதலாகக் காட்டும்!

ரிலே இழுக்கும்போது மட்டும் அளவு குதிக்கிறதா? காரணம் இதுவேதான். ரிலேவுக்குத் தனி ஜோடி இழுத்து, இரண்டு நெகட்டிவையும் பேனலில் ஒரே புள்ளியில் மட்டும் சேருங்கள். புதிதாகக் கம்பி இழுப்பவர்கள் வோல்ட்டுக்குப் பதில் மின்னோட்டமாக அளவை அனுப்பும் 4-20 மில்லிஆம்பியர் டிரான்ஸ்மிட்டரே போடலாம். 24 வோல்ட் சப்ளையில் கம்பியின் 7 ஓம் அளவீட்டைப் பாதிக்காது.

கேத்தி, பட்டன் காளான் கொட்டகை:
குன்னூர் அண்ணா சொன்ன 'காலில் வோல்ட்டைப் பார்' என்பது டிஎஸ்18பி20 என்ற டிஜிட்டல் வெப்பநிலை சென்சாருக்கும் பொருந்தும். 16 டிகிரி கொட்டகையில் திடீரென்று 85 என்று வந்தால் பயப்பட வேண்டாம். சிப் புதிதாக உயிர்பெறும்போது அதன் நினைவில் இருக்கும் எண் அது. நடுவில் சப்ளை சரிந்து, அளக்காமலே பதில் சொல்லியிருக்கிறது. -127 வந்தால் கதை வேறு: சென்சார் பதிலே தரவில்லை, கம்பியையும் கனெக்டரையும் பாருங்கள். ஈரத்தில் பச்சை பூத்திருக்கும்.

85-க்குப் பெரும்பாலும் காரணம், தகவல் கம்பியிலிருந்தே மின்சாரமும் எடுக்கும் இரண்டு கம்பி இணைப்பு. அளக்கும்போது சிப் 1.5 மில்லிஆம்பியர் வரை கேட்கும். 5 வோல்ட்டிலிருந்து 4.7 கிலோஓம் வழியாக 1 மில்லிஆம்பியர்தான் கிடைக்கும். மூன்றாவது கம்பி இழுத்து, சென்சார் அருகிலேயே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் தீரும்.

கொடைக்கானல், வானிலைப் பெட்டி:
சோலார், 18650 லித்தியம் செல், ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டு போர்டு) வைத்திருப்பவர்கள் 3.3 வோல்ட் தரும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதற்குள் வரும் வோல்ட், வெளியே தருவதைவிட 1 வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும், 3.7 வோல்ட் செல்லிலிருந்து 3.3 வரவே வராது. வைஃபை அனுப்பும் கணத்தில் போர்டு ரீசெட் ஆகும். சாதாரண மீட்டர் அந்தச் சரிவைக் காட்டாது, ஆஸிலோஸ்கோப் வேண்டும். அது இல்லாவிட்டால் சீரியல் மானிட்டரில் 'பிரவுன்அவுட்' (Brownout, சப்ளை சரிவு) என்ற சொல்லைத் தேடுங்கள். 500 மில்லிஆம்பியருக்குக் குறையாத, குறைந்த இழப்புள்ள ரெகுலேட்டரும், 3.3 வோல்ட் பின் அருகே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போதும்.

இன்னொன்று. ஏஎம்எஸ்1117 சும்மா இருந்தாலே சுமார் 5 மில்லிஆம்பியர் தின்னும். பத்து நாள் மஞ்சு மூடி வெயிலே இல்லாவிட்டால் 1200 மில்லிஆம்பியர்-மணி அதற்கே போய்விடும். செல்லில் பாதி!

உறைபனிக் காலையில் 0 டிகிரிக்குக் கீழே லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். கடையில் கிடைக்கும் சின்ன டிபி4056 சார்ஜர் போர்டுகளில் வெப்ப உணர்வுப் பின் பெரும்பாலும் கிரவுண்டில்தான் இருக்கும். குளிர் அதற்குத் தெரியாது. அந்தப் பின்னைத் தூக்கி 10 கிலோஓம் என்டிசியோடு (குளிரில் தடை கூடும் வெப்ப உணரியோடு) பொருத்தமான மின்தடைகளை இணையுங்கள்.

ஊட்டி:
குன்னூர் நண்பருக்கு ஒரு வார்த்தை. ஒற்றை சப்ளையில் எல்எம்35 2 டிகிரிக்குக் கீழே இறங்காது. தலைகுந்தா பக்கம் ஜனவரியில் 2-லேயே நின்றால் அது பழுதில்லை.

கோத்தகிரி:
ஆர்டுயினோ யூனோவில் எல்எம்35-ஐப் படிக்க யுஎஸ்பி 5 வோல்ட்டையே ரெஃபரன்ஸாக (ஒப்பிட்டு அளக்கும் வோல்ட்டாக) வைத்தவர்கள் கவனிக்க: அது 4.7 ஆனால் 20 டிகிரி 21.3 ஆகத் தெரியும். உள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு மாற்றி, உண்மையில் எவ்வளவு என்று ஏரெஃப் பின்னில் மீட்டரால் ஒருமுறை அளந்து, அந்த எண்ணையே நிரலில் போடுங்கள்.