ஹெர்பேரியம் பாக்கெட்ல காஞ்சு கிடக்கிற ஜெல்லி காளான்: உங்க அனுபவம் என்ன?

ஹெர்பேரியத்துல, அதாவது செடி, காளானை காய வச்சு பாதுகாக்குற இடத்துல, பழைய பாக்கெட்டுங்களோட லேபிளை கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை பாக்குறேன். ஒரு பாக்கெட்ல ட்ரெமெல்லா மெசென்டெரிகாங்கிற ஜெல்லி காளான் பேர் போட்டிருந்துச்சு, மரம்ங்கிற இடத்துல பைன். அங்கேயே இடிச்சுது, ஏன்னா ட்ரெமெல்லா மரத்தை தின்னு வாழ்றது இல்ல, பட்டையில இருக்கிற பெனியோஃபோராங்கிற இன்னொரு பூஞ்சையை தின்னு வாழுது, அதனால பெரும்பாலும் அகன்ற இலை மரங்கள்லதான் இருக்கும். பிரிச்சா உள்ள கட்டைத் துண்டு மேல காஞ்ச கோந்து மாதிரி ஒரு பொருக்கு, அவ்ளோதான். அங்க பொறுப்புல இருக்கிறவங்ககிட்ட அனுமதி வாங்கி கடுகளவு மட்டும் கிள்ளி தண்ணில போட்டேன், கொஞ்ச நேரத்துல மஞ்சளா உப்பி வழுவழுன்னு உயிர் வந்த மாதிரி ஆயிடுச்சு, பாக்கவே சிலிர்த்துது! மைக்ராஸ்கோப்ல ட்ரெமெல்லான்னா பேசிடியம், அதாவது வித்து உண்டாக்குற செல், நெடுக்குவாக்குல நாலா பிரிஞ்சு தெரியணும், இங்க ரெண்டு கொம்பு வச்ச கவட்டை மாதிரி நிக்குது. அப்ப இது டாக்ரிமைசஸ்ங்கிற வேற ஜெல்லி காளான். பழைய லேபிளை தொடல, புது பேர், என் பேர், வருஷம் எழுதின சீட்டை பக்கத்துல வச்சோம். பைன்னு அந்த ஒரு வார்த்தையை எழுதி வச்ச மனுஷனுக்கு பெரிய கும்பிடு.

---

எனக்கு நேர்மாறா நடந்துச்சுங்க. நானே சேகரிச்ச எக்ஸிடியாங்கிற கருப்பு ஜெல்லி காளான். மழை விட்டதும் பளபளன்னு இருந்துச்சு, ஆசையா எடுத்து அப்படியே பேப்பர்ல மடிச்சுட்டேன், பேப்பரோட ஒட்டிக்கிட்டு தார் பூசின மாதிரி காஞ்சு போச்சு. எக்ஸிடியாவுல கிளாண்டுலோசா இனமா நிக்ரிகன்ஸ் இனமான்னு இப்ப கேக்குறாங்க. முன்னது தனித்தனியா பம்பரம் மாதிரி நிக்கும், பின்னது ஒண்ணோட ஒண்ணு சேந்து மூளை மாதிரி மடிப்பு மடிப்பா படரும், ரொம்ப நாள் ரெண்டையும் ஒரே பேர்லதான் போட்டுட்டு இருந்தாங்க. காஞ்ச பிறகு ரெண்டுமே கருப்பு பொருக்குதான், என் லேபிள்லயோ தேதியும் இடமும் மட்டும். ஃபோட்டோ இல்ல, மரம் பேரும் இல்ல. இன்னிக்கும் மனசு உறுத்துது.

---

மேல சொன்னவருக்கு: பட்டையோட சேத்து எடுத்து, மிதமான சூட்டுல காத்தோட்டமா காய வச்சு, முழுசா காஞ்சப்புறம் மடிச்சா ஒட்டாது. கட்டைத் துண்டு இருந்தா மரத்தை அப்புறம்கூட கண்டுபிடிச்சுடலாம், அதனால உங்க பாக்கெட்ல பட்டை ஏதாச்சும் ஒட்டியிருக்கான்னு முதல்ல பாருங்க. நான் எடுக்கிறப்பவே நிறம், வடிவம், பக்கத்துல வேற என்ன பூஞ்சை இருந்துச்சு, கிளை கீழ கிடந்துச்சா மரத்துலயே இருந்துச்சான்னு பென்சில்ல எழுதிடுவேன், ஈரம் பட்டாலும் அழியாது.