வீட்டில் காய்ச்சிய ஐபிஏ: கசப்பு நாக்கை விட்டுப் போக மறுக்கிறது

லண்டன்வாசி:
வணக்கம். 20 லிட்டர் ஐபிஏ (ஹாப்ஸ் பூ நிறையச் சேர்க்கும் கசப்பான பீர்) காய்ச்சினேன். கொதி வந்ததும் கொலம்பஸ் ரக ஹாப்ஸ் 30 கிராம். கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம் 15 சதவீதம் என்று பொட்டலத்தில் போட்டிருந்தது. ஒரு மணி நேரம் கொதித்தபின் அடுப்பை அணைத்துவிட்டு, மணத்துக்காக சிட்ரா ரக ஹாப்ஸ் 60 கிராம். கால்குலேட்டர் கசப்பு அளவு 50 ஐபியு என்றது. மணத்தில் குறையே இல்லை. ஆனால் விழுங்கிய பிறகும் அடிநாக்கில் கஷாயம் குடித்ததுபோல் கசப்பு நிற்கிறது. அடுத்த முறை சிட்ராவைக் குறைக்கவா? மணமும் போய்விடுமே என்று தயக்கமாக இருக்கிறது.

மால்ட்மூட்டை:
சிட்ராவில் கை வைக்காதீர்கள். எப்படி ஆறவைத்தீர்கள்?

லண்டன்வாசி:
ஆறவைக்கும் செப்புச் சுருள் இல்லை. மூடி போட்டு இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் ஈஸ்ட் சேர்த்தேன்.

மால்ட்மூட்டை:
அப்படியானால் பிடிபட்டது. ஹாப்ஸின் ஆல்ஃபா அமிலம் சூட்டில் ஐசோ-ஆல்ஃபா அமிலமாக மாறும்போதுதான் பெரும்பாலான கசப்பு வரும். அடுப்பை அணைத்தாலும், சூடு 80 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை அது ஓயாது. மூடிய பானையில் 20 லிட்டர் இறங்க வெகுநேரம் ஆகும். அணைத்தபின் போட்டதற்குப் பல கால்குலேட்டர்கள் பூஜ்யம்தான் போடும். உங்கள் பானை போடவில்லை! குளியல் தொட்டியில் குளிர்ந்த நீர் நிரப்பிப் பானையை இறக்குங்கள். 80க்கு வந்ததும் சிட்ராவைப் போட்டு 20 நிமிடம் விட்டு, மேலும் ஆறவையுங்கள். கொலம்பஸ் 20 கிராம் தாராளம்.

சுண்ணாம்புத்தண்ணீர்:
ஆறவைப்பது சரிதான். ஆனால் அடிநாக்கில் பிடிக்கும் கசப்பு என்கிறாரே, எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். லண்டன் குழாய்த் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஊறலின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, ஏறிவிடும். ஏறினால் உமியிலிருந்து துவர்ப்பும் இறங்கும், ஹாப்ஸும் கரகரக்கும். லாக்டிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு 5.2 முதல் 5.4க்குள் கொண்டுவாருங்கள். ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) போட்டீர்களா?

லண்டன்வாசி:
செய்முறையில் இருந்தபடி இரண்டு தேக்கரண்டி போட்டேன்.

சுண்ணாம்புத்தண்ணீர்:
சல்ஃபேட் கசப்பைக் கூர்மையாக்கும். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து பேல் ஏல் பீருக்குப் பெயர் வாங்கித் தந்ததே அந்த ஊர் நீரிலுள்ள ஜிப்சம்தான். உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு: ஜிப்சத்தைப் பாதியாக்கி, மீதிக்குக் கால்சியம் குளோரைடு சேருங்கள். வாய்க்கு மிருதுவாக இருக்கும்.

மால்ட்மூட்டை:
இரண்டையும் ஒரே தடவையில் மாற்றாதீர்கள், எது காரணம் என்று தெரியாமல் போகும். முதலில் ஆறவைப்பு.

லண்டன்வாசி:
நன்றி. கையிலிருக்கும் புட்டிகளை என்ன செய்வது?

மால்ட்மூட்டை:
குளிர்பெட்டியில் இரண்டு வாரம் அசையாமல் நிறுத்துங்கள். மிதக்கும் ஹாப்ஸ் தூள் அடியில் படிந்தால் கரகரப்புக் கொஞ்சம் அடங்கும். ஊற்றும்போது அடி வண்டலைப் புட்டியிலேயே விட்டுவிடுங்கள். அதற்குமேல் வைத்திருந்தால் சிட்ரா மணம்தான் முதலில் போகும்.