மறுமொழி: மேட் தாளுக்கு ‘மங்கல்’ வேண்டாம், ‘கூசாத்தாள்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுச் சுவரில் மாட்டும் புகைப்படத்தை எதில் அச்சிடலாம் என்ற கட்டுரையைத் தமிழில் எழுதப் போய், ‘மேட்’ (பளபளப்பில்லாத அச்சுத்தாள்) என்ற ஒரு சொல்லிலேயே இந்த உரையாடல் இழையில் மூன்று நாளாக நிற்கிறோம். நிற்பது நல்லதுதான். நம் சொற்பட்டியலில் இப்போதைக்கு ‘மங்கல் தாள்’ என்று இருக்கிறது, அது அப்படியே கட்டுரைக்குள் போய்விடக் கூடாது. அதற்குப் பதில் ‘கூசாத்தாள்’, அதாவது கண்ணைக் கூச வைக்காத தாள், என்று வைக்கலாம் என்பது என் கருத்து. இழையில் வந்த மறுப்புகளை எடுத்துக்காட்டிப் பதில் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தச் சொல்லை நம்பி நானே ஒருமுறை தவறாகத் தேர்ந்தெடுத்தேன். அப்பாவின் படம் ஒன்றைப் பெரிதாக அச்சிடக் கொடுத்தபோது, மேட் என்றால் கொஞ்சம் மங்கலாக வரும் என்றார்கள். அப்பா முகம் ஏன் மங்கலாக வரவேண்டும் என்று பளபளப்புத் தாளையே கேட்டு வாங்கி, சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். பகலில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் முகம் இருக்கும் இடத்தில் சன்னல்தான் தெரியும், எழுந்து ஓரமாகப் போய் நின்றால்தான் அப்பா தெரிவார். ஒரு வருடம் அப்படியே இருந்தது. அப்புறம் அதே படத்தை மேட்டில் போட்டேன். முகம் மங்கவில்லை, சன்னல்தான் காணாமல் போனது.

நடப்பது இதுதான்: பளபளப்புப் பரப்பு வழவழப்பாக இருப்பதால் தன்மேல் விழும் ஒளியைக் கண்ணாடி போல ஒரே திசையில் திருப்புகிறது, நாம் அந்தத் திசையில் இருந்தால் கண் கூசுகிறது. மேட் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் இருப்பதால் ஒளி பல பக்கமும் சிதறிவிடுகிறது. ஒளி குறைவதில்லை, பரவுகிறது. இதில் ‘மங்கல்’ எங்கே வந்தது?

> மேட்டில் கருப்பு சாம்பலாகத் தெரிகிறதே, மங்கல் என்பதில் உண்மை இருக்கிறது.

இருக்கிறது, மறுக்கவில்லை. சிதறும் ஒளியில் ஒரு பகுதி கருப்பின் மேலிருந்தும் கண்ணுக்கு வந்துவிடுகிறது, அதனால் கருமையின் ஆழம் குறையும். கருமையை அளக்கும் அடர்த்தி எண் நல்ல பளபளப்புத் தாளில் 2.2க்கு மேல் போகும், மேட்டில் பெரும்பாலும் 1.6, 1.7 அளவில் நின்றுவிடும். இரவுக் காட்சி, கருப்புப் பின்னணி உள்ள படம் என்றால் நானே மேட் வேண்டாம் என்பேன். ஆனால் இது கருப்பையும் அடர்ந்த நிறங்களையும் பற்றிய குறை மட்டும். வெள்ளையோ தோல்நிறமோ பெரிதாக மங்குவதில்லை. ஒரு குறையின் பெயரைத் தாளுக்கே வைத்துவிட்டால் அதை யார் கேட்டு வாங்குவார்கள்?

> ‘கூசாமல் பொய் சொல்கிறான்’ என்கிறோம். கூசாத்தாள் என்றால் வெட்கமில்லாத தாள் என்று ஆகாதா? மேலும் கூசுவது கண், தாள் இல்லையே.

இந்த இழையில் வந்த கேள்விகளில் இதுதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. முதல் பாதிக்கு: கண் கூசும், பல் கூசும், மனம் கூசும், எது என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொல் காட்டிவிடும். தாள் என்று வந்த பிறகு யாருக்கும் வெட்கம் நினைவுக்கு வராது. இரண்டாவதற்கு: உண்ணா நோன்பு என்கிறோம், உண்ணாமல் இருப்பது நோன்பு இல்லை, நோற்பவர்தான். அதே அமைப்பில் கண் கூசாத தாள், கூசாத்தாள். இலக்கணம் இடம் கொடுக்கிறது, சொல்லவும் எளிதாக வருகிறது.

‘மினுங்காத்தாள்’ என்று இன்னொருவர் தந்ததும் நல்ல சொல். பரப்பின் இயல்பைச் சொல்கிறது, சுவர்ப்பூச்சு, உதட்டுச்சாயம் எல்லாவற்றுக்கும் மேட் என்ற இடத்தில் பொருந்தும். பொதுச்சொல்லாக ‘மினுங்கா’ இருக்கட்டும். படத்துக்கு மட்டும் நான் கூசா பக்கம்தான், ஏனென்றால் படம் மாட்டுகிறவருக்குத் தெரியவேண்டியது பரப்பு எப்படி இருக்கிறது என்பது இல்லை, தன் கண்ணுக்கு என்ன ஆகும் என்பது. இன்னொரு வசதியும் உண்டு. மேட் படத்தை வாங்கி அதன்மேல் சாதாரணக் கண்ணாடி போட்டுச் சட்டமிட்டால் கண்ணாடியே கூச வைக்கும், கொடுத்த காசு வீண். ஒளி எதிரடிக்காத பூச்சுக் கண்ணாடி வேண்டும், அல்லது கண்ணாடியே இல்லாமல் மாட்டவேண்டும். அந்தக் கண்ணாடிக்குக் ‘கூசாக்கண்ணாடி’ என்று பெயர் வைத்தால் இரண்டுக்கும் உள்ள உறவு சொல்லிலேயே தெரிந்துவிடும். அச்சுப்பொறிகளில் மேட் தாளுக்கென்று தனியாக வரும் கருப்பு மையையும் ‘கூசாத்தாள் கருப்பு’ எனலாம்.

லஸ்டர் என்ற தாள்வகைக்கு ‘அரைமினுக்கம்’ போதும் என்று நினைக்கிறேன். பளபளப்புக்கும் மேட்டுக்கும் நடுவில் நிற்கும், மேலே பொடிப்பொடியாகப் புள்ளியிட்டது போல் இருக்கும், கைரேகையும் அவ்வளவாகத் தெரியாது. எதிரே சன்னலும் இருக்கிறது, கருப்பும் ஆழமாக வேண்டும் என்பவருக்கு இதுதான் என் பரிந்துரை. பேரைட்டா என்ற தாள்வகையின் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம், பேரியம் சல்பேட் பூச்சு என்று கட்டுரையில் ஒரு வரி விளக்கம் இருந்தால் சரி.

கேன்வாஸ் துணியில் அச்சிடும் படத்துக்குக் ‘கிழிப்படம்’ என்று வந்திருக்கிறது. கிழி என்றால் துணி, பொற்கிழியில் இருப்பது அதுதான், எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் இன்று படிப்பவர் காதில் கிழிந்த படம் என்றுதான் விழும். நமக்குப் பிடித்தது என்பதற்காகப் படிப்பவரைத் திணற வைக்கக் கூடாது. ‘படம்’ என்ற சொல்லுக்கே சீலை என்று பழைய பொருள் உண்டு, ஆகவே ‘சீலைப்படம்’ எப்படி என்று யோசித்துச் சொல்லுங்கள். உலோகத்தகட்டில் சாயத்தைச் சூட்டால் ஆவியாக்கி ஏற்றுகிறார்களே, அதற்குத் தனி இழை தொடங்கலாம், இங்கே கலக்க வேண்டாம்.

கூசாத்தாளுக்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் பட்டியலில் மங்கலை எடுத்துவிட்டு, இதைப் போட்டு, அடைப்புக்குறிக்குள் மேட் என்றும் தமிழ் எழுத்திலேயே சேர்த்துவிடுகிறேன்.