புல்வெளி நாடகம்: அப்பாவை எங்கே உட்கார வைப்பது?

வணக்கம். பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் கோடை மாலைகளில் வளாகப் புல்வெளியில் நாடகம் போடுகிறார்கள். போன வாரம் அப்பாவை அழைத்துச் சென்றேன். பாதி வசனம் காற்றோடு போய்விட்டது.

திறந்தவெளியில் குரலைத் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது. புல்தரையும் ஒலியை உறிஞ்சிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, அப்பாவின் காதுகேள் கருவியில் காற்று மோதி 'உஸ்ஸ்' என்று இரைந்தது. கதாநாயகி அழும் கட்டத்தில் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நன்றாகத்தான் அழுகிறாள், எதற்கென்றுதான் தெரியவில்லை" என்றார்.

வரும் சனிக்கிழமை மறுபடி போகிறோம். மேடைப் பக்கமிருந்து காற்று நம்மை நோக்கி வீசினால் குரல் நன்றாக எட்டும். ஆனால் அதே காற்று கருவியின் மேலும் அடிக்குமே! காற்றிரைச்சலைக் குறைக்கும் அமைப்பு சில கருவிகளில் உண்டு, யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? காதை மூடும் மெல்லிய தொப்பி உதவுமா? முன்வரிசையில் தாழ்வான நாற்காலிக்கு மட்டுமே அனுமதி, அவருக்கோ முழங்கால் வலி. நாடகப் பிரதியை முன்கூட்டியே கேட்டால் மாணவர்கள் தருவார்களா, தவறாக நினைப்பார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். கொசுவை நான் சமாளித்துக்கொள்கிறேன்.